ஆஸ்திரேலிய மாட்டுப் பண்ணையில் ஒரு சீசன்: கோலாலம்பூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

"தம்பி, எட்டாயிரம் வெள்ளி கட்டினால் போதும், ஆறு மாசம் ஆஸ்திரேலியாவில் பண்ணை வேலை, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் முதலாளி பொறுப்பு" என்று செந்தூலில் ஒரு மாமாக் கடையில் என் எதிரே உட்கார்ந்து ஏஜெண்ட் ஒருவர் சொன்னார். என்ன விசா என்று கேட்டேன். "ஈடிஏ, கைப்பேசியிலேயே வந்துடும்" என்றார். நான் தே தாரேக்கைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை, என்னிடம் எட்டாயிரம் வெள்ளி இல்லை, அவ்வளவுதான். பிறகு முறையான வழியில் போய் ஒரு சீசன் வேலை செய்துவிட்டு வந்த பிறகுதான், அன்று காசு இல்லாமல் போனது எவ்வளவு நல்லது என்று புரிந்தது.

அந்த ஈடிஏ, அதாவது 601 விசா, சுற்றிப் பார்க்கவும் கூட்டம் மாநாடு என்று போகவும் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம்கூடச் சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது. மலேசியக் கடப்பிதழுக்கு அது சுலபமாகக் கிடைப்பதால்தான் ஏஜெண்டுகள் அதையே விற்கிறார்கள். போய் இறங்கிய பிறகு ஒரு கான்ட்ராக்டர் பொறுப்பேற்பார், வாடகைக்குப் பிடித்தம், வேனுக்குப் பிடித்தம், மீதி கையில் ரொக்கம், விசாவில் தங்கக்கூடிய மூன்று மாசம் முடியும்போது "அகதி விசாவுக்கு எழுதிப் போடு, அதுவரை இருக்கலாம்" என்று யோசனை. பிடிபட்டால் விசா ரத்து, அதன் பிறகு மூன்று வருடம்வரை திரும்ப உள்ளே விடாமல் போகலாம். சம்பளம் தராமல் ஏமாற்றினாலும் வாய் திறக்கப் பயமாக இருக்கும். கான்ட்ராக்டருக்கு வேண்டியதே அந்தப் பயம்தான்.

சரி, முறையான வழி என்ன?

முதலில் விசா

462 என்ற எண் கொண்ட வேலை-விடுமுறை விசா மலேசியர்களுக்குத் திறந்திருக்கிறது. விண்ணப்பிக்கும்போது வயது 18 முதல் 30-க்குள் இருக்க வேண்டும், பட்டம் முடித்திருக்க வேண்டும் அல்லது பட்டப்படிப்பில் குறைந்தது இரண்டு வருடமாவது முடித்திருக்க வேண்டும், அடிப்படை ஆங்கிலத் தேர்ச்சிக்குச் சான்று வேண்டும், வங்கியில் சுமார் 5,000 ஆஸ்திரேலிய டாலரும் திரும்பி வர டிக்கெட் காசும் இருப்பதைக் காட்ட வேண்டும். நம்மவர்களில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. நம் அரசாங்கத்திடமிருந்து ஆதரவுக் கடிதம் வாங்க வேண்டும், அது புத்ராஜெயாவில் உள்ள குடிநுழைவுத் துறை தரும் கடிதம். அது கையில் வராமல் விண்ணப்பத்தைத் தொடாதீர்கள். ஆண்டுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை வரம்பு இருக்கிறது, அந்த ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. அதனால் மே, ஜூனிலேயே பத்திரங்களைத் திரட்ட ஆரம்பிப்பது நல்லது. முதல் 462 விசாவுக்கு ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். விசா கிடைத்த பிறகு உள்ளே நுழைய 12 மாசம் அவகாசம், நுழைந்த நாளிலிருந்து இன்னொரு 12 மாசம் இருக்கலாம்.

படிவத்தை நீங்களே நிரப்பலாம், அதற்கு ஏஜெண்ட் தேவையே இல்லை.

சீசன் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு நாளைக் குறியுங்கள்

அங்கே இதை ஃபார்ம் என்று சொல்ல மாட்டார்கள், ஸ்டேஷன் என்பார்கள். தென் ஆஸ்திரேலியாவில் அன்னா கிரீக் என்று ஒன்று இருக்கிறது, பரப்பு 15,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல், நம் சிலாங்கூர் மாநிலத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, ஒரே பண்ணை. வடக்கே, அதாவது நார்தர்ன் டெரிட்டரி எனப்படும் வட பிரதேசம், மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி, வட குவீன்ஸ்லாந்து பக்கம், வருடத்தில் இரண்டே பருவம்தான். நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை மழை, மண் சாலைகள் மூழ்கிவிடும், லாரி போகாது. மே முதல் அக்டோபர்வரை காய்ந்த பருவம், வேலை முழுவதும் அதற்குள்தான்.

வேலை என்றால் மஸ்டரிங், அதாவது பரந்து கிடக்கும் மாடுகளை ஹெலிகாப்டரும் மோட்டார் சைக்கிளும் குதிரையுமாகச் சேர்த்துப் பட்டிக்கு ஓட்டி வருவது. பட்டியில் மாடுகளைப் பிரிப்பார்கள், கன்றுகளுக்குக் காதில் வில்லை, சூடு போடுதல், கொம்பு எடுத்தல், காயடித்தல், பால் மறக்கடிக்கும் கன்றுகளைத் தனியாக அடைத்தல், விற்பனைக்குப் போவதை ரோடு டிரெயின் எனப்படும் நீண்ட லாரிகளில் ஏற்றுதல். அவற்றில் நிறைய டார்வின் துறைமுகம் வழியாக இந்தோனேசியாவுக்குக் கப்பலேறும். இப்படி வருடத்துக்கு இரண்டு சுற்று.

ஆள் எடுப்பு ஜனவரி, பிப்ரவரியில் சூடு பிடிக்கும், மார்ச், ஏப்ரலில் வேலைக்கு வரச் சொல்வார்கள். அதைத் தவறவிட்டால் மனம் தளர வேண்டாம், ஜூன், ஜூலையில் சிலர் தாக்குப்பிடிக்காமல் கிளம்பியிருப்பார்கள், அப்போது திடீர் திடீரென்று இடம் காலியாகும். எனக்கு வேலை கிடைத்ததே அப்படித்தான்.

எந்த வேலைக்குப் போகலாம்

படங்களில் பார்க்கிற குதிரை வீரன் வேலைக்கு அங்கே ரிங்கர் என்று பெயர், புதிதாகச் சேர்கிற பையனை ஜாக்கரூ என்பார்கள், பெண்ணை ஜில்லரூ. அதற்கு அனுபவம் கேட்பார்கள், ஆனால் ஸ்டேஷனில் வேறு வேலைகளும் இருக்கின்றன. போர் ரன்னர் என்பவர் தினமும் நூறு இருநூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டி ஆழ்துளைக் கிணறுகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் பார்த்துவிட்டு வருவார். மிதவை அடைத்துக்கொண்டு தொட்டி காய்ந்தால் சில நாளிலேயே மாடு செத்துவிடும், அதனால் இது சின்ன வேலை கிடையாது. சமையல்காரருக்கு எப்போதும் தட்டுப்பாடு. பதினைந்து இருபது பேருக்குச் சலிக்காமல் மூன்று வேளை சமைக்கத் தெரிந்தால் பட்டம், அனுபவம் எதையும் யாரும் கேட்பதில்லை.

ஆசிரியர் பயிற்சி முடித்த தங்கைகளுக்குக் கவர்னஸ் வேலை பொருந்தும். ஸ்டேஷன் பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடியாது, 1951-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வானொலி மூலம் தொடங்கிய வான்வழிப் பள்ளி இப்போது இணையத்தில் நடக்கிறது. பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தை முடிக்க வைக்க ஒருவர் வேண்டும், அவர்தான் கவர்னஸ்.

கிளம்பும் முன் இங்கேயே கற்றுக்கொள்ள வேண்டியவை

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

உங்கள் கார் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். டிஏ என்று இருந்தால் ஆட்டோ கியர் மட்டும்தான் ஓட்டலாம், டி என்று இருந்தால் மேனுவலும் ஓட்டலாம். ஸ்டேஷன்களில் நிற்கிற லேண்ட் குரூசர் யூட் எனப்படும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை மேனுவல். தொலைபேசியில் முதல் கேள்வியே "மேனுவல் ஓட்டுவாயா?" என்பதுதான், இல்லை என்றால் உரையாடல் மரியாதையாக முடிந்துவிடும். டிஏ வைத்திருப்பவர்கள் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து டி எடுத்துவிடுங்கள். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் செம்மண்ணிலும் கல்லிலும் ஓட்டுவது ஜாலான் ஈப்போவில் ஓட்டுவது போல இருக்காது.

டயர் மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். வீடியோ பார்த்தால் போதாது, கையால் மாற்ற வேண்டும். தெரிந்த ஒர்க்‌ஷாப் அண்ணனிடம் ஒரு சனிக்கிழமை நின்றால் இது வந்துவிடும், ஆயில் அளவு பார்ப்பது, பேட்டரிக்கு ஜம்பர் போடுவது எல்லாம் கூடவே வரும்.

அப்புறம் மாடு. நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் மாடு வளர்த்தார்கள், நாம் பால் பாக்கெட் வெட்டிப் பழகியவர்கள். சிலாங்கூரிலும் கெடாவிலும் இன்னும் பால் மாடு வைத்திருக்கும் நம் குடும்பங்கள் இருக்கின்றன, கேட்டுப் பார்த்து ஒரு மாசம் விடியற்காலையில் போய் உதவுங்கள். சாணி அள்ளுவது, தீனி போடுவது என்று போகும், ஆனால் மாட்டின் கண் எங்கே பார்க்கிறது, காது எப்போது பின்னால் மடிகிறது, எவ்வளவு நெருங்கினால் நகர்கிறது என்பதெல்லாம் அங்கேதான் உடம்பில் ஏறும். மாட்டின் தோள்பட்டைக்குப் பின்னால் நீங்கள் அடி வைத்தால் அது முன்னே போகும், தோளுக்கு முன்னால் வந்தால் நின்றுவிடும் அல்லது திரும்பும். நகர்ந்ததும் நீங்கள் பின்வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்குக் கோபம் வரும். கத்துகிறவனைப் பட்டியில் யாருக்கும் பிடிக்காது, மாட்டுக்கும் பிடிக்காது.

வடக்கே பெரும்பாலும் பிராமன் இன மாடுகள். திமிலும் தொங்கும் அலைதாடியுமாகப் பார்த்தவுடன் கோயில் காளை நினைவுக்கு வரும். வருவது சரிதான், நம் ஊர் ஓங்கோல், கிர் வகைகளிலிருந்து அமெரிக்காவில் உருவாக்கி, 1933-இல் ஆஸ்திரேலியாவுக்கு இறக்கிய இனம் அது. வெயிலும் உண்ணியும் தாங்கும் என்பதால் வடக்கு முழுவதும் பரவிவிட்டது. பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் மனிதனை வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் பார்க்கிற மாடு, தடவிக் கொடுக்கப் போகாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: இங்கே மாட்டுக் கொட்டகையில் பழகியதும் நேராக விமானம் ஏறாதீர்கள். தீபகற்ப மலேசியாவில் கோமாரி நோய் இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் இல்லை, அதைக் கண்டால் அவர்களுக்குக் குலை நடுக்கம். கடந்த 30 நாளில் பண்ணைக்குப் போனீர்களா என்று விமான நிலையத்தில் நிரப்பும் உள்நுழைவு அட்டையிலேயே கேட்பார்கள். பொய் சொல்லக்கூடாது. கொட்டகைப் பயிற்சியைக் கிளம்புவதற்கு ஒன்றரை மாசம் முன்பே முடித்துவிடுங்கள், அந்தக் காலணியை இங்கேயே தூக்கிப் போடுங்கள், புதியதை அங்கே வாங்குங்கள்.

அம்மாவிடம் சொல்வது

இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். "ஏன்டா, மாட்டுப் பொங்கலுக்கு மாலை போட்ட கையால கறிக்குப் போற மாட்டை லாரியில ஏத்துவியா?" என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, இப்போதும் தெளிவான பதில் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியைக் கோலாலம்பூரிலேயே உங்களுக்குள் கேட்டு முடித்துவிடுங்கள், சூட்டுக்கோல் கையில் இருக்கும்போது கேட்காதீர்கள். முடியாது என்று தோன்றினால் போர் ரன்னர், சமையல், கவர்னஸ், அல்லது பழத் தோட்ட வேலை இருக்கிறது, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சாப்பாட்டிலும் இதே சிக்கல். ஸ்டேஷனில் சொந்த மாட்டை அடித்துக் குளிர் அறையில் தொங்கவிட்டிருப்பார்கள், காலையில் ஸ்டேக், மதியம் உப்புக்கண்டம் போட்ட மாட்டிறைச்சி, இரவு குழம்பு. மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன் என்றால் தொலைபேசிப் பேட்டியிலேயே சொல்லிவிடுங்கள். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன், மறுமுனையில் மேலாளர் அம்மா "முட்டை சாப்பிடுவாயா?" என்று மட்டும் கேட்டார். அங்கே நான் சாப்பிட்ட முட்டைகளை எண்ண முடியாது. டார்வினிலேயே பருப்பும் அரிசியும் மிளகாய்த் தூளும் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. இங்கிருந்து கொண்டுபோவதாக இருந்தால் கடையில் பொட்டலம் போட்ட தூள் வகைகள் மட்டும், அதையும் அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும். கருவாடு, கறிவேப்பிலை, விதைகள், வீட்டு நெய் எதுவும் வேண்டாம், சொல்லாமல் கொண்டுபோனால் அங்கேயே அபராதம் போட்டுவிடுவார்கள்.

வேலை தேடுவது

ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் ஹார்வெஸ்ட் டிரெயில், சீக், கம்ட்ரீ என்ற இணையத்தளங்கள், ஃபேஸ்புக்கில் ஸ்டேஷன் வேலைக்கென்றே உள்ள குழுக்கள், இவைதான் வழி. பயோடேட்டா ஒரு பக்கம். கல்லூரியில் வாங்கிய கோப்பையெல்லாம் வேண்டாம், மேனுவல் ஓட்டுவேன், டயர் மாற்றுவேன், பால் பண்ணையில் ஒரு மாசம் வேலை செய்தேன், விசா இந்தத் தேதிவரை, இந்தத் தேதியிலிருந்து தயார், அவ்வளவுதான். குதிரை ஏறத் தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதுங்கள். பொய் சொன்னால் முதல் நாள் காலையில் குதிரையே சொல்லிக் கொடுத்துவிடும். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் கூப்பிடுங்கள், அவர்கள் காலை உணவு நேரத்தில் அல்லது இருட்டிய பிறகுதான் எடுப்பார்கள். டார்வினிலிருந்து தெற்கே 300 கிலோமீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் கேத்தரின் ஊரில் போய்த் தங்கி நேரில் விசாரிப்பதும் பலருக்குப் பலித்திருக்கிறது.

நீங்களும் கேள்வி கேட்க வேண்டும்: சம்பளம் மணிக்கா நாளுக்கா, தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு பிடிப்பார்கள், அறையில் எத்தனை பேர், ஊர் எவ்வளவு தூரம், விடுமுறை நாள் எது, ஒத்துவரவில்லை என்றால் ஊருக்குக் கொண்டுவிடுவது யார். கடைசிக் கேள்வி முக்கியம். அருகில் உள்ள ஊர் 250 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடத்தில் கோபித்துக்கொண்டு நடந்து போக முடியாது. பெண்கள், அங்கே முன்பு வேலை செய்த இன்னொரு பெண்ணின் எண்ணைக் கேளுங்கள். நல்ல ஸ்டேஷன் உடனே தரும்.

காசு விஷயம்

போனதும் வங்கிக் கணக்கு, வரி எண் இரண்டையும் எடுங்கள். 2025 ஜூலையில் தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 24.95 டாலர் ஆனது, ஸ்டேஷன் வேலைக்குப் பாஸ்டரல் அவார்டு என்ற சம்பள விதிப்பட்டியல் தனியாக இருக்கிறது, உணவும் இடமும் சேர்த்துக் கொடுத்தால் அதற்கான கணக்கும் அதில் உண்டு. முதலாளி இந்த விசாக்காரர்களை எடுப்பதாக வரித்துறையில் பதிந்திருந்தால் முதல் 45,000 டாலர்வரை 15 விழுக்காடு வரி, பதியாவிட்டால் 30 பிடிப்பார். சம்பளச் சீட்டு கட்டாயம் கேளுங்கள். "ஏபிஎன் எடுத்துக்கொண்டு வா" (அது சொந்தத் தொழில் செய்பவர் எடுக்கும் எண்) என்று யாராவது சொன்னால், உங்களைத் தொழிலாளி இல்லை, தனிக் கான்ட்ராக்டர் என்று காட்டித் தன் பொறுப்பைக் கழற்றிவிடப் பார்க்கிறார் என்று அர்த்தம். சம்பளத் தகராறு என்றால் ஃபேர் ஒர்க் ஒம்பட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது, வெளிநாட்டவரும் புகார் செய்யலாம்.

உடம்பு

கியூ காய்ச்சல் என்று ஒன்று, மாடு ஆடுகளின் பிரசவக் கழிவும் சாணமும் கலந்த தூசியை மூச்சில் இழுத்தால் வரும். சிலரை மாதக்கணக்கில் படுக்கவைத்துவிடும். தடுப்பூசி ஆஸ்திரேலியாவில்தான் போட முடியும். முதலில் கையில் தோல் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும், ஏழாம் நாள் திரும்பப் போய்க் காட்டிய பிறகுதான் ஊசி, அது வேலை செய்ய இன்னும் இரண்டு வாரம். ஆகவே நகரத்தில் மூன்று வாரமாவது தங்கும்படி திட்டம் போடுங்கள். செலவைத் திருப்பித் தருவார்களா என்று ஸ்டேஷனில் கேட்கலாம். டெட்டனஸ் ஊசியை இங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். மலேசியர்களுக்கு அங்கே இலவச மருத்துவம் கிடையாது. மோட்டார் சைக்கிளும் குதிரையும் சேர்ந்த காப்புறுதிதானா என்று சின்ன எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பையில்: முழுக்கைப் பருத்திச் சட்டை ஐந்து, கெட்டி ஜீன்ஸ், அகலத் தொப்பி, தலை விளக்கு, டெல்ஸ்ட்ரா சிம். கம்பளிச் சட்டையும் வேண்டும், சிரிக்காதீர்கள். ஜூலையில் பட்டி முகாமில் ஸ்வாக் எனப்படும் கித்தான் படுக்கையை விரித்து வெட்டவெளியில் படுத்தபோது, கேமரன் மலை குளிரைத் தாங்கிய நமக்கு என்ன என்று நினைத்தேன், விடியற்காலை நான்கு மணிக்குப் பற்கள் அடித்துக்கொண்டன.

போய்ச் சேர்ந்த முதல் வாரம்: கேட்

வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்தான் இறங்கிக் கேட்டைத் திறக்க வேண்டும், எழுதாத சட்டம். பாதிக் கேட்டுகள் இரும்பு இல்லை, முள்கம்பி மூன்று நான்கு வரிசையும் நடுவே குச்சிகளும் உள்ள கம்பிப் படல். கடைசிக் குச்சியின் அடியைத் தூணில் உள்ள கம்பி வளையத்துக்குள் விட்டு, மேல் பக்கத்தை இழுத்து இன்னொரு வளையத்தை மாட்ட வேண்டும். திறப்பது சுலபம். மூட என்னால் முடியவே இல்லை, இரண்டு கையாலும் இழுத்தேன், நான்கு விரல் இடைவெளி அப்படியே நின்றது. வண்டியில் இருந்தவர் ஒரு வார்த்தை சொல்லாமல் சிகரெட் ஒன்றைச் சுருட்டி முடித்துவிட்டு இறங்கி வந்து, தோளைக் குச்சியில் வைத்து, தூணையும் சேர்த்துக் கட்டிப்பிடித்து, வளையத்தைப் பொத்தென்று போட்டார். கையால் இழுக்கக்கூடாது, மார்பில் அணைத்து நெருக்க வேண்டும். கோலாலம்பூரில் யாரும் சொல்லித் தராத வித்தை.

இரண்டாவது விதி இன்னும் முக்கியம். கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போக வேண்டும். மூன்றாவது வாரத்தில் தனியாகப் போனபோது ஒரு கேட் திறந்து கிடந்தது, யாரோ மறந்துவிட்டார்கள் என்று பொறுப்பாக இறங்கி மூடிவிட்டு வந்தேன், புதிதாகக் கற்ற வித்தையைக் காட்டிய பெருமை வேறு. மறுநாள் மதியம் போய்ப் பார்த்தால் அறுபது எழுபது மாடுகள் வேலியோரம் வரிசையாக நாக்கைத் தொங்கவிட்டு நிற்கின்றன. தண்ணீர்த் தொட்டி வேலிக்கு அந்தப் பக்கம். ஒன்றும் சாகவில்லை, ஆனால் அன்று இரவு சாப்பாட்டு மேசையில் யாரும் என்னுடன் பேசவில்லை. சந்தேகம் இருந்தால் ரேடியோவில் கேளுங்கள், கேட்பவனை யாரும் திட்டுவதில்லை.

சீசன் முடியும்போது

மூன்று மாசம், அதாவது 88 நாள், தகுதியான பகுதியில் மாட்டு வேலை செய்திருந்தால் இரண்டாவது வருட விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், வட பிரதேசம் முழுவதும் அதற்குள் வரும், மற்ற இடங்களுக்கு அஞ்சல் குறியீட்டைப் பட்டியலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையும்தான் சாட்சி, வேலை விடும் நாளிலேயே எல்லாவற்றையும் வாங்கி மின்னஞ்சலில் போட்டு வைத்துவிடுங்கள். சூப்பர் எனப்படும் ஓய்வுநிதி, நம் இபிஎஃப் மாதிரி, உங்கள் பெயரிலும் முதலாளி கட்டியிருப்பார். நாட்டை விட்டு வந்து விசா முடிந்த பிறகு திரும்பக் கேட்கலாம், ஆனால் அதில் 65 விழுக்காட்டை வரியாக எடுத்துக்கொள்வார்கள். மீதி 35-க்கும் படிவம் நிரப்ப வேண்டும், அதற்கு உங்கள் ஆஸ்திரேலிய வங்கிக் கணக்கின் விவரம் தேவைப்படலாம், எனவே விமானம் ஏறும் அவசரத்தில் கணக்கை மூடிவிடாதீர்கள்.